தனிக்கட்டை

திரையின் அடியில் இருந்த பச்சைப் புள்ளி சிவப்பாக மாறியபோது நிவியா ரொட்டியில் வெண்ணெய்ப்பழத்தை மசித்துத் தடவிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைக்காமலே திரையைப் பார்த்தாள். ஆன்டெனாக்களின் எண்கள் வரிசையாக நிற்கும் திரை அது. அறுபதுக்கும் மேற்பட்டவை பச்சையாகத்தான் இருந்தன. அடியில் ஒன்று மட்டும் சிவப்பு. அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான்.

"தனிக்கட்டை படுத்துடுச்சு," என்றார் பக்கத்து நாற்காலியில் இருந்த கல்வாரினோ. ஆன்டெனாக்களை இயக்குவது அவர் வேலை. இருபது ஆண்டுகளாக இதே அறையில் உட்கார்ந்து, மேலே ஐயாயிரம் மீட்டர் உயரத்துச் சமவெளியில் நின்று வானத்தைக் கவனிக்கும் அந்த வெள்ளைத் தட்டுகளை விசைப்பலகையிலிருந்து திருப்பிக்கொண்டிருப்பவர். அவர்கள் இருந்த முகாம் கீழே, மூச்சு விட முடிகிற உயரத்தில் இருந்தது. வடமேற்குக் கோடியில், மற்றவற்றைவிட்டு வெகுதூரம் தள்ளி, கணவாய்க்குப் பக்கத்தில் நிற்கும் ஆன்டெனாவுக்குத் தனிக்கட்டை என்று பெயர் வைத்தது தொழிலாளர்கள். அந்தக் கோடியில் நின்ற மற்ற இரண்டும் பழுது பார்க்கக் கீழே கொண்டுவரப்பட்டிருந்தன.

அவர் இரண்டு முறை கட்டளை அனுப்பிப் பார்த்தார். அசையவில்லை. "யாரோ அவசரப் பொத்தானை அமுக்கின மாதிரி காட்டுது. யாரும் அங்க இல்ல. குளிர்ல ஏதோ பொய்யா விழுந்திருக்கு. ஆள் போய்த்தான் எடுத்துவிடணும்."

வானியல் ஆய்வாளரான நிவியா மணியைப் பார்க்கவில்லை, வானத்தின் வரைபடத்தைப் பார்த்தாள். ரிஷபம் கிழக்கே ஏறிக்கொண்டிருந்தது. சூரியன் உதித்துவிட்டால் என்ன, இந்த ஆன்டெனாக்களுக்குப் பகலும் இரவும் ஒன்றுதான். ரிஷபத்துக்குள், கார்த்திகைக் கூட்டத்துக்குச் சற்றுத் தள்ளி, ஒரு தூசு மேகத்தின் நடுவே இரண்டு நட்சத்திரங்கள் இருந்தன. பிறந்து பத்து லட்சம் ஆண்டுகள்கூட ஆகாதவை. அந்தக் கணக்கில் நம் சூரியன் கிழவன். இரண்டையும் சுற்றித் தட்டுபோலத் தூசு வளையம், வளையத்தில் ஓரிடத்தில் ஒரு கோணல். உள்ளே மூன்றாவதாக ஒன்று இருந்து இழுத்தாலொழிய அப்படிக் கோணாது என்று நான்கு ஆண்டுகளாக அவள் சொல்லிவருகிறாள். பழைய படங்களில் அது தனியாகத் தெரியவில்லை, இரண்டாவது நட்சத்திரத்தின் ஓரத்தில் ஒரு வீக்கம் மாதிரி இருந்தது. மியூனிக்கில் ஒரு கூட்டத்தில் எழுந்து நின்ற ஒருவர், "வீக்கத்துக்கு ஒத்தடம் கொடுத்துப் பாருங்களேன்" என்றார். அரங்கமே சிரித்தது. அவளும் சிரித்தாள். அன்று அறைக்குப் போய்க் காலணியைக் கழற்றாமல் வெகுநேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

ஆன்டெனாக்கள் எவ்வளவு விலகி நிற்கின்றனவோ அவ்வளவு நுணுக்கமாகப் படம் வரும். அவை இப்படி முழுதாக விலகி நிற்பது ஆண்டில் சில வாரங்கள்தான். போன ஆண்டு அந்த வாரங்களைப் பனி தின்றுவிட்டது. இந்த ஆண்டு அவளுக்குக் கிடைத்தது இந்த ஒரு காலை. அடுத்த ஆண்டு அவள் இங்கே இருப்பாளா என்பது டிசம்பரில் ஒப்பந்தம் முடியும்போது தெரியும்.

அவள் வாக்கிடாக்கியை எடுத்தாள். மேலே நிலையத்தில் காலைப் பணியில் இருந்தவன் யெர்கோ தெஹெரினா. மலையடியில் உள்ள தொகோனாவோ ஊர்க்காரன். கல்வாரினோவின் மருமகன், அவர் மகளைக் கட்டியவன்.

"யெர்கோ, தனிக்கட்டை நின்னுடுச்சு. இங்கேருந்து எழுப்ப முடியல. போய்ப் பாக்க முடியுமா?"

"காத்து எப்படிப் போட்டிருக்கு டாக்டர்?"

அவளுக்கும் கல்வாரினோவுக்கும் நடுவில் இருந்த திரையில் இரண்டு வானிலைக் கணிப்புகள் திறந்திருந்தன. ஒன்று, காற்று மதியத்துக்கு மேல் என்றது. இன்னொன்று, காலையிலேயே, அதுவும் கணவாய்ப் பக்கம் முதலில் என்றது. இரண்டாவது கணிப்பு அடிக்கடி தப்பும். எப்போதும் தப்பும் என்று சொல்ல முடியாது.

"மத்தியானத்துக்கு மேலதான்னு போட்டிருக்கு," என்றாள்.

"அப்ப சரி. ஓரியானாவையும் கூட்டிக்கிட்டுப் போறேன். சாப்பாட்டுக்குள்ள திரும்பிடுவோம். மாமா பக்கத்துல இருக்காரா? கலாமாக்காரங்க ஞாயித்துக்கிழமை ஃபுட்பால் மேட்ச்ல நான் சொன்ன மாதிரியே மண்ணைக் கவ்வினாங்கன்னு சொல்லுங்க."

"வாயை மூடிக்கிட்டு வண்டியைப் பாத்து ஓட்டச் சொல்லு," என்றார் கல்வாரினோ, வாக்கிடாக்கிக்குக் கேட்கும்படி.

"ஓட்டறது நான், தோன் கல்வா. உங்க மருமகன் பக்கத்துல உக்காந்து பாட்டுப் பாடறதோட சரி," என்று ஓரியானாவின் குரல் நடுவில் வந்தது. பெரியவர் என்ற மரியாதையில் அவரை 'தோன்' போட்டுத்தான் கூப்பிடுவார்கள். அவள் ஓட்டுநர். அந்த மலையில் பத்தாண்டுக்கு மேல் வண்டி ஓட்டியவள்.

காலை பாதிகூட ஆகவில்லை, சிவப்புப் புள்ளி பச்சையானது. "எழுந்துடுச்சா டாக்டர்?" என்றான் யெர்கோ. அவனுக்கு மூச்சு வாங்கியது. அந்த உயரத்தில் ஏணி ஏறி இறங்கினால் யாருக்கும் வாங்கும். "எழுந்துடுச்சு யெர்கோ. ரொம்ப நன்றி," என்றாள். "வேலியைத் தாண்டிட்டோம். கிளம்பறோம்," என்றான். ஆன்டெனா ஓடும்போது வேலிக்குள் ஆள் இருக்கக் கூடாது என்பது விதி. கல்வாரினோ தட்டைத் திருப்பினார். தனிக்கட்டை மற்றவற்றோடு சேர்ந்து ரிஷபத்தைப் பார்த்தது. திரையில் எண்கள் ஓட ஆரம்பித்தன. நிவியா ரொட்டியை ஒரு கடி கடித்தாள். அதன் பிறகு அதை எங்கே வைத்தாள் என்று அவளுக்கு நினைவில்லை.

வெள்ளைக் காற்று வந்ததை முதலில் கேமராவில்தான் பார்த்தார்கள். மழை கிடையாது, புதுப் பனியும் கிடையாது. தரையில் கிடக்கும் பழைய பனியைக் காற்று வாரி எடுத்து வீசும். கைநீட்டினால் கை தெரியாது. அந்தப் பகுதிக்காரர்கள் அதைப் பேர் சொல்லிக் கூப்பிடும்போது குரலைத் தாழ்த்துவார்கள். கணவாய்ப் பக்கக் கேமராவில் மலை முதலில் போனது, பிறகு கம்பங்கள், பிறகு ஒன்றுமில்லை. சமவெளியின் நடுவில் இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கல்வாரினோ அழைத்தார். பதில் இல்லை. வாக்கிடாக்கிப் பேச்சை வாங்கி அனுப்பும் மேட்டுக் கோபுரம் உறைந்துவிட்டது என்று நிலையத்திலிருந்து சொன்னார்கள். அந்தப் பக்கம் போன எந்த வண்டியிடமும் பேச முடியாது. மீட்பு வண்டி ஒன்று கிளம்பி, பாதி வழியில் பாதையே தெரியாமல் திரும்பிவந்தது.

அறையில் மின்விசிறிகளின் இரைச்சல் மட்டும் இருந்தது. திரையில் அறுபது சொச்சம் பச்சைப் புள்ளிகள். அடியில் இருந்த கடைசியும் பச்சை. அவள் கேட்டது அத்தனையும் ஒரு குறையுமில்லாமல் வந்துகொண்டிருந்தது. இத்தனை ஆண்டுகளில் இவ்வளவு சுத்தமான தரவை அவள் பார்த்ததில்லை.

"கிளம்பறோம்னான். கொஞ்ச தூரந்தான் போயிருப்பான்," என்றார் கல்வாரினோ. தனக்குத்தானே பேசுவதுபோலத்தான் பேசினார். "ஓரியானாவுக்குப் புத்தி உண்டு. பாதை தெரியலன்னா ஓட்ட மாட்டா. கேபிள் கம்பத்தைப் புடிச்சுக்கிட்டே தனிக்கட்டைக்குத் திரும்பி நடந்துடுவாங்க. அடித்தளத்துல இருக்கிற சின்ன அறைக்குள்ள புகுந்துட்டா காத்து இல்ல. அங்க ஆக்சிஜன் சிலிண்டர் ஒண்ணு இருக்கு."

"உள்ளே போகணும்னா?"

"சிவப்புப் பொத்தானை அமுக்கிட்டுத்தான் போகணும். ஓடற ஆன்டெனாவுக்குள்ள எவனும் போக மாட்டான். விதி அவன் ரத்தத்துல ஊறினது."

இருவரும் ஒரே நேரத்தில் திரையைப் பார்த்தார்கள். பச்சை. அது பச்சையாக இருக்கும்வரை அவர்கள் வெளியே இருக்கிறார்கள். காலையில் எது பச்சையாக வேண்டும் என்று ஆளை அனுப்பினாளோ, அது சிவப்பாக வேண்டும் என்று நிவியா இப்போது வாய்க்குள் முணுமுணுத்தாள். கடவுள் நம்பிக்கை இல்லாதவள். சொந்த ஊரான ஓவாயேவில் அவள் அம்மா தேவாலயத்தில் சொல்வதை, சொற்கள் மறந்துபோய், ராகம் மட்டும் சொன்னாள்.

"நாமே நிறுத்திடலாம் தோன் கல்வா. இது இப்ப எதுக்கு?"

"நிறுத்தாதே." அவர் அவள் கையைப் பிடித்தார். அதுவரை அவர் அவளைத் தொட்டதில்லை. "நாம நிறுத்திட்டா, பொத்தானைத் தொடாமலே உள்ள போயிடுவான். அவன் வந்து சேர்ந்தது நமக்கு எப்படித் தெரியும்?"

அதனால் அளவீடு தொடர்ந்தது. ரிஷபம் உச்சியைத் தாண்டிச் சாய ஆரம்பித்தது. நட்சத்திரத்தைப் பார், பக்கத்திலுள்ள ஒளிமூலத்தைப் பார்த்துச் சரிசெய், மறுபடி நட்சத்திரத்தைப் பார். தட்டுகள் சலிக்காமல் திரும்பின. காற்றின் வேகம் வரம்புக்குச் சற்றே கீழே நின்றது. வரம்பைத் தொட்டால் ஆன்டெனா தானாக மடங்கி மஞ்சளாகிவிடும். அப்போது இந்த ஒரே தகவலும் போய்விடும். நிவியா காற்றின் எண்ணையும் பச்சைப் புள்ளியையும் மாறி மாறிப் பார்த்தாள். கண்ணைச் சிமிட்டினால் தவறவிட்டுவிடுவோமோ என்றிருந்தது. எலும்பு சூப்பும் சோளமும் கொண்டுவந்து வைத்த சமையல்காரர் இரண்டு முகங்களையும் பார்த்துவிட்டுத் தட்டுகளை மூடிவைத்துப் போனார்.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அவள் சொன்னாள், அவரைப் பார்க்காமல்.

"ரெண்டாவது கணிப்பு காலையிலேயே வரும்னு போட்டிருந்துச்சு. நான் பாத்தேன். யெர்கோகிட்ட சொல்லல."

கல்வாரினோ கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நானும் பாத்தேன்," என்றார்.

அவள் திரும்பினாள்.

"அந்தத் திரை எனக்கும்தானே எதிர்ல இருக்கு? மருமகனைப் பொத்திப் பொத்தி வைக்கிறாருன்னு ஏற்கெனவே கேன்டீன்ல பேச்சு. போன மாசம் பனியில அவனை அனுப்பாதீங்கன்னு சொன்னேன், ஒரு வாரம் கிண்டல் பண்ணாங்க. அவனே வந்து, 'மாமா, என்னை இப்படி அவமானப்படுத்தாதீங்க'ன்னான்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "வாயைத் தொறந்தேன், நிவியா. நீ பேசிட்டிருந்தே. அப்புறம் மூடிக்கிட்டேன்."

அவர் மகளிடமிருந்து அழைப்பு வந்தது. மேசைமேல் கைபேசி அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தது. அவர் அதை எடுக்கவில்லை, நிறுத்தவும் இல்லை. விளிம்புக்கு வந்தபோது நிவியா கை வைத்துத் தடுத்தாள். அதிர்வு அவள் உள்ளங்கைக்குள் சிறிது நேரம் இருந்து நின்றது.

புள்ளி சிவப்பானபோது எச்சரிக்கை மணி அடித்தது. கல்வாரினோ எழுந்து இரண்டு கைகளையும் மேசையில் ஊன்றி, திரைக்கு வெகு அருகே முகத்தைக் கொண்டுபோய், பக்கத்தில் இருந்த சிறிய எழுத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். அவசரப் பொத்தான், அடித்தளம், கையால் அழுத்தப்பட்டது. அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை மாதிரி, இருமல் மாதிரி. நிவியா அளவீட்டை அங்கேயே முடித்தாள். மீதம் கொஞ்சம்தான் இருந்தது.

காற்று அடங்க மாலையானது. நிலையத்திலிருந்து போனவர்கள் இருவரையும் அடித்தளத்துக்குள் கண்டார்கள். ஓரியானா நடந்து வெளியே வந்தாள். யெர்கோவால் முடியவில்லை. நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. உயரம் செய்கிற வேலை அது, கீழே இறக்குவதுதான் முதல் மருந்து. முகாம் வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது சில நிமிடங்கள்தான். நிவியா கண்ணாடி வழியாகப் பார்த்தாள். முகமூடிக்கு மேலே மூடிய கண்கள், நீலமாகிப்போன நெற்றி, ஒவ்வொரு மூச்சுக்கும் கொதிக்கும் பானையின் மூடிபோல ஒரு சலசலப்பு. கல்வாரினோ அறைச் செருப்போடு ஓடிவந்து பின்பக்கம் ஏறிக்கொண்டார். அவர் அவளைப் பார்க்கவில்லை. கோபத்தால் பார்க்கவில்லையா, பார்க்கத் தோன்றவில்லையா என்பது அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் பாதுகாப்பு அதிகாரி கேட்டபோது அவள் இரண்டு கணிப்புகளைப் பற்றியும் சொன்னாள். தன்னைப் பற்றி மட்டும் சொன்னாள். கலாமா மருத்துவமனையிலிருந்து கல்வாரினோவும் தொலைபேசியில் அதிகாரியை அழைத்துத் தன்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. அவளைப் பணியிலிருந்து விலக்கி வைத்தார்கள். தலைநகர் சாந்தியாகோவிலிருந்து விசாரணைக்கு ஆள் வரும்வரை முகாமிலேயே இருக்கச் சொன்னார்கள்.

செய்வதற்கு ஒன்றுமில்லாத அந்த நாளில்தான் படம் வந்தது. அவள் அதைத் தொடங்கவில்லை. தரவு சேர்ந்ததும் கணினியே படமாக்கும் ஏற்பாடு அது. அறைக்கதவைச் சாத்திவிட்டுத் திறந்து பார்த்தாள். தூசு வளையம், அதன் கோணல், நடுவே முதல் நட்சத்திரம், அதற்குக் கீழே இரண்டாவது. இரண்டாவதன் பக்கத்தில், வீக்கமாக அல்லாமல், இருட்டால் பிரிக்கப்பட்டு, மிளகுபோல மூன்றாவது. மூன்றையும் அவள் விரல் வைத்து எண்ணினாள், சின்னப் பிள்ளை எண்ணுவதுபோல. உடம்பெல்லாம் சந்தோஷம் பொங்கியது. அதற்கு அடுத்த நொடியே முகம் சுட்டது. மடிக்கணினியை மூடிவிட்டுப் படுக்கையில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். பிறகு எழுந்து, தொழில்பழக்கத்தில், வெள்ளைக் காற்று வீசிய நேரத்துத் தரவை ஒதுக்கிவிட்டு மறுபடி படமாக்கிப் பார்த்தாள். மூன்றாவது போய்விட்டது. பழைய வீக்கம் திரும்பிவந்தது.

கல்வாரினோவை அழைத்தாள். நீண்ட நேரம் கழித்து எடுத்தார். "பொழைச்சுட்டான். நீர் வடிஞ்சுக்கிட்டிருக்கு. இனிமே மலை ஏறக்கூடாதுன்னுட்டாங்க, எப்பவுமே." பின்னால் யாரோ இருமினார்கள். "படம் வந்துச்சான்னு கேக்கறான். வந்த மூச்சுல அதைத்தான் கேட்டான். நான் தெரியாதுன்னுட்டேன். என்னம்மா சொல்லட்டும்?"

அவள் மூன்று புள்ளிகள் இருந்த படத்தைத் திறந்தாள், மறுபடி மூடினாள். அவர் வைத்துவிட்டார்.

விசாரணைக்காரர் வந்த அன்று வானம் துடைத்து வைத்ததுபோல இருந்தது. இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். அங்கே நடந்ததைச் சொல்ல ஓரியானாவையும், இங்கே நடந்ததைச் சொல்ல நிவியாவையும் ஒரே வண்டியில் ஏற்றினார். ஓரியானாவுக்குக் காலில் இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. ஆனாலும் அவள்தான் ஓட்டினாள். வேறு யாராவது ஓட்டட்டும் என்றதற்கு, "நான் ஏறற வண்டியை நான்தான் ஓட்டுவேன்" என்றாளாம். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு விசாரணைக்காரர் முன்னிருக்கையில் தூங்கிப்போனார்.

தனிக்கட்டையின் அடியில் அவர் இறங்கி, அன்று அவர்கள் விட்டுவந்து பனியில் புதைந்து கிடந்த வண்டியைப் படம் எடுக்கப் போனார். மெல்ல நடந்தார், நாலு எட்டுக்கு ஒருமுறை நின்றார். ஓரியானா கான்கிரீட் அடித்தளத்தில் சாய்ந்து சிகரெட்டை வெறுமனே உதட்டில் வைத்துக்கொண்டாள், பற்றவைக்கவில்லை.

"இங்கதான் உக்காந்திருந்தோம், டாக்டரம்மா. இந்த மூலையில. காத்துப் படாத பக்கம்."

"உள்ளேதானே இருந்தீங்க?"

"அது அப்புறம்." சிகரெட்டை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டாள். "வண்டியை விட்டுட்டு, கம்பத்தைப் புடிச்சுக்கிட்டு, ஒருத்தர் இடுப்பை ஒருத்தர் புடிச்சுக்கிட்டு, வேலி விதியைப் பாக்காம இங்க வந்துட்டோம். பொத்தான் இதோ, கை எட்டற தூரம். நான் அமுக்கப் போனேன். கையைப் புடிச்சுட்டான் உங்க ஆளு. 'பொறு ஓரியானா, இன்னும் ஓடிக்கிட்டிருக்கு பாரு. அந்தம்மா போன வருஷத்துலேருந்து காத்துக்கிட்டிருக்காங்க, இன்னும் கொஞ்ச நேரந்தான்'ங்கறான். தலைக்கு மேல இது திரும்பற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. திரும்பறப்பல்லாம் அண்ணாந்து பாத்துச் சிரிக்கறான், கிறுக்கன். 'பாரு, மாமா ஓட்டறாரு. நமக்கு ஆபத்துன்னா நிறுத்தியிருப்பாரு, காத்து அடங்கப்போவுது'ங்கறான்."

நிவியா தட்டை அண்ணாந்து பார்த்தாள். அது வானத்தை நோக்கி அசையாமல் நின்றது.

"அப்புறம் இரும ஆரம்பிச்சான். உதட்டுல நுரை. நான் அவன் மூஞ்சியில ஒரு அறை விட்டு, எழுந்து அமுக்கினேன்." ஓரியானா சிகரெட்டைக் கசக்கிப் பையில் போட்டுக்கொண்டாள். "நிறுத்தியிருக்கலாம்ல நீங்க? கீழே சூடா உக்காந்துக்கிட்டு? நிறுத்தியிருந்தா அப்பவே உள்ள போயிருப்போம்ல?"

நிறுத்தாததற்கு ஒரு காரணம் இருந்தது. அதைச் சொல்ல நிவியா வாய் திறந்தாள். காற்று இல்லாத அந்த உயரத்தில் நுரையீரல் நிறைய இழுத்தும் வாக்கியத்துக்குப் போதவில்லை. ஓரியானா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கால் விரல்கள் தரையில் படாமல் குதிகாலால் நடந்து, வண்டிப் பக்கம் போனாள்.

நிவியா அடித்தளத்தின் இரும்புக் கதவைத் திறந்தாள். கீல் உறைந்திருந்தது. தோளால் தள்ளினாள். உள்ளே ஒருவர் படுக்க முடியாத அளவு இடம். சுவரெங்கும் வெண்பனி பூத்திருந்தது. அன்று மாலைவரை அவர்கள் விட்ட மூச்சு இரும்பில் படிந்து, உறைந்து, மயிரிழை மயிரிழையாக வளர்ந்திருந்தது. அந்த வெள்ளைக்கு நடுவே, தரையிலிருந்து தோளுயரத்துக்கு, கறுப்பாக இரண்டு முதுகுகள். சாய்ந்திருந்த இடத்தில் மட்டும் பனி பிடிக்கவில்லை. ஒன்று நிமிர்ந்திருந்தது. மற்றது கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து சரிந்து, தரைக்கு வரும்போது தேய்த்த ஒரு நீண்ட தடமாக முடிந்தது.

வெளியே விசாரணைக்காரர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கதவு வழியாக வந்த வெயில் தரையைத் தாண்டிச் சுவரின் அடியைத் தொட்டது. சரிந்திருந்த முதுகின் ஓரத்தில், வெள்ளை இழைகள் ஒன்றொன்றாக ஈரமாகி, இரும்பில் கோடாக இறங்க ஆரம்பித்தன.